மிளகாயோடு காய்ந்த தோட்டாக்கள்

ஆண்பிள்ளைகளுக்கு "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வராத விஷயங்கள் மூன்று: வழி, மோட்டார் சைக்கிள், துவக்கு என்கிற துப்பாக்கி. வழியில் பொய் சொன்னால், புல்மோட்டைக்குப் போகவேண்டிய மனிதர் கந்தளாயில் போய் இறங்கி நம்மைத் திட்டுவார். மோட்டார் சைக்கிளில் பொய் சொன்னால், பூட்டி முடித்த பிறகு கையில் இரண்டு ஆணி மிஞ்சும். துவக்கில் பொய் சொன்னால் என்ன நடக்கும் என்று ஊருக்குக் காட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்தப் பொறுப்பை நான் என் கலியாணத்துக்கு நாள் வைக்கப் போன இடத்தில், இரண்டு வீட்டுச் சனத்துக்கும் முன்னால், புதுச் சேட்டும் போட்டுக்கொண்டு செவ்வனே நிறைவேற்றினேன்.

நான் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் லிகிதர். சீமெந்து மூட்டை எத்தனை வந்தது, எத்தனை கிழிந்தது என்று எழுதுவதுதான் என் வீரச்செயல். என் மேசைக்கு முன்னால் ஒரு யன்னல் உண்டு. அதனூடாகப் பார்த்தால் காவலுக்கு நிற்பவர்கள் தோளில் துவக்கோடு போவது தெரியும். தேநீர்க் கடையில் அவர்களில் ஒருவர் என்னிடம் ஒருமுறை நெருப்புப்பெட்டி கேட்டிருக்கிறார். எனக்கும் ஆயுதங்களுக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். எங்கள் கலியாணத் தரகர் அதை எடுத்துக்கொண்டு போய் கந்தளாயில், "மாப்பிள்ளைக்குத் துவக்கெல்லாம் கைப்பழக்கம்" என்று விற்றுவிட்டார்.

அவர் அப்படி விற்றதற்குக் காரணம் இருந்தது. பெண் வதனி, வீட்டுக்கு ஒரே பிள்ளை. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். அவளுடைய அப்பாவுக்கு (இனி மாமா) குளத்துத் தண்ணீர் பாயும் வயலும், அதன் ஓரத்தில் சோளனும் வாழையும் இருந்தன. சோளனை உண்ண மனிதரை விடக் குரங்குகள்தான் அதிகம் வரும். பயிர் காக்க அனுமதிப்பத்திரத்தோடு வாங்கிய ஓர் ஒற்றைக்குழல் துவக்கு அவரிடம் இருந்தது. மாமாவுக்கு ஒரு கண்ணில் வெண்படலம், மற்றக் கண்ணில் பிடிவாதம். தனக்குப் பிறகு அந்தத் துவக்குக்கு மனுப்போட ஓர் ஆம்பிளை வேண்டும், இல்லாவிட்டால் அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வரும், பிறகு குரங்கும் பன்றியும் சேர்ந்து வேளாண்மை செய்யும் என்பது அவர் பயம். ஆகவே வதனியைக் கட்டுகிறவன் பட்டதாரியோ இல்லையோ, துவக்குப் பிடிக்கத் தெரிந்தவனாக இருக்கவேண்டும்.

மாமா என்னிடம் தொலைபேசியில் நேரடியாகவே கேட்டார்.

"மாப்பிள்ளைக்குத் துவக்குப் பழக்கம்தானே?"

"ஓம் மாமா. அதெல்லாம் பிரச்சினையில்லை."

(வதனியின் புகைப்படத்தைப் பார்த்திருந்தேன். அந்த நேரத்தில் பீரங்கி பழக்கமா என்று கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.)

பொய்யன் என்றாலும் நான் பொறுப்பான பொய்யன். கைத்தொலைபேசியில் வீடியோக்கள் பார்த்துப் படித்தேன். எப்படி நிற்பது, எந்தக் கண்ணை மூடுவது, வெடித்த பிறகு முகத்தை எப்படி அலட்சியமாக வைத்திருப்பது எல்லாம் கண்ணாடிக்கு முன்னால் வீடு கூட்டுகிற தும்புத்தடியோடு பயிற்சி செய்தேன். தோட்டா வெடிக்காவிட்டால் என்ன செய்வது என்றும் ஒரு வீடியோ இருந்தது. அது நீளமாக இருந்தபடியால் தள்ளிவிட்டேன். வெடிக்காததைப் பற்றிப் படிக்க நான் என்ன வேலையில்லாதவனா?

நாள் வைக்கும் அன்று அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு கந்தளாய் போனேன். மாமா சாப்பாட்டை வயலில் காவலுக்குக் கட்டிய வாடியில் ஏற்பாடு செய்திருந்தார். சாப்பிட்ட பிறகு, வதனியின் பெரியப்பா பஞ்சாங்கம் பார்த்து நாள் சொல்வதாகத் திட்டம். பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சீமெந்துதானே?" என்று மட்டும் கேட்டார்.

வாடிக்கு முன்னால் ஒரு பாய் விரித்திருந்தது. அதில் வதனியின் அம்மா (இனி மாமி) செத்தல் மிளகாய் காயவைத்திருந்தார். மிளகாய்க்கு நடுவில் சிவப்பாக, தடிப்பாக, அடியில் பித்தளைப் பூணோடு சில சாமான்கள் கிடந்தன. குனிந்து பார்த்தேன். தோட்டாக்கள்.

மாமா தோட்டாக்களைப் பொன்போல வைத்திருப்பவர். ஆனால் பொன்னை யாரும் உரமூட்டைக்குப் பின்னால், மூடி இறுகாத பால்மா டின்னில் வைப்பதில்லை. மாரி மழைக்குக் கூரை ஒழுகி டின்னுக்குள் ஈரம் இறங்கிவிட்டது. பித்தளையில் பச்சை பூத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் நெல் நனைந்தாலும், மிளகாய் நனைந்தாலும், பிள்ளையின் கொப்பி நனைந்தாலும் ஒரே வைத்தியம்தான், வெயில். மாமா தோட்டாவுக்கும் அதையே செய்தார்.

"சுக்குமாதிரிக் காஞ்சிட்டுது, பாருங்கோ" என்று ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

"சம்பலுக்கு இடிக்கேக்க உரலுக்குள்ள ஒண்டு விழுந்தா நான் பொறுப்பில்லை" என்றார் மாமி குசினிப் பக்கமிருந்து.

நான் தோட்டாவைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல சாமான்" என்றேன். (எதற்குக் குலுக்கினேன் என்று இன்றுவரை தெரியாது. தேங்காய் வாங்கப் போனாலும் அப்படித்தான் செய்வேன்.)

சோறு இறக்கும் நேரம் பார்த்துக் குரங்குகள் சோளனுக்குள் இறங்கின. மாமாவின் முகம் மலர்ந்தது.

"மாப்பிள்ளை, ஒரு வெடி வைச்சு விடுங்கோ. மேல பாத்து வைச்சாக் காணும். சத்தம்தான் வேணும்."

"அப்பா, பத்திரம் உங்கட பேரில. அவர் தொடவே கூடாது" என்றாள் வதனி.

"நாளைக்கு அவற்ற பேரில வரப்போறதுதானே!"

அத்தோடு சட்டம் வாயை மூடிக்கொண்டது. நான் சேட்டுக் கையை மடித்துவிட்டேன். என் கைத்தொலைபேசியைத் தங்கச்சியிடம் கொடுத்து, "வீடியோ எடு. முகம் வடிவா விழவேணும்" என்றேன். சனமெல்லாம் பாயாசக் கோப்பைகளோடு எனக்குப் பின்னால் வந்து நின்றது. எனக்கு முன்னால் சோளன், அதற்கு அங்கால் ஆளில்லாத பற்றைக்காடு. கண்ணாடிக்கு முன்னால் பழகியபடி நின்றேன். சரியான கண்ணை மூடினேன். விசையை இழுத்தேன்.

"டிக்."

அவ்வளவுதான். சோளன் பொத்தியை உரித்துக்கொண்டிருந்த ஒரு தாட்டான் குரங்கு தலையைத் திருப்பி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி உரிக்கத் தொடங்கியது.

அந்த இடத்தில் மூளையுள்ள ஒருவன் என்ன செய்யவேண்டும்? விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டு, துவக்கின் வாய் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே பிடித்தபடி அசையாமல் நிற்கவேண்டும். வெடிக்காத தோட்டா செத்த தோட்டா அல்ல. உள்ளே மருந்து மெல்லப் பற்றி, கொஞ்சம் பிந்தியும் வெடிக்கலாம். இதெல்லாம் இப்போது என்னை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்று எனக்குத் தெரிந்திருந்தது ஒன்றுதான். வாங்கிய டோர்ச் லைட் எரியாவிட்டால் கடைக்காரரிடம் திருப்பிக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். ஆகவே துவக்கை இடுப்பளவில் பிடித்து, விரலையும் விசையிலேயே வைத்துக்கொண்டு, முழு உடம்போடும் பின்பக்கம் திரும்பினேன்.

"மாமா, இது வேலை செய்யுதில்லையே."

கேட்க மாமா அங்கே இல்லை. ஒருவருமே இல்லை. ஒரு கணத்துக்கு முன் பட்டுச்சேலையும் வேட்டியுமாக நின்ற சனம் அத்தனையும் சேற்றோடு சேறாகக் குப்புறக் கிடந்தது. எங்கள் மாவட்டத்துச் சனத்துக்கு விழுவதை யாரும் புதிதாகப் படிப்பிக்கத் தேவையில்லை. முழங்கால் ஏலாது என்று கோயிலிலும் கதிரை கேட்கிற என் அம்மா எல்லோருக்கும் முதல் விழுந்திருந்தார், அதுவும் கையைத் தலைக்கு மேல் வைத்து, வாயைத் திறந்தபடி, முறைப்படி. பெரியப்பா வாய்க்காலுக்குள் கிடந்தார். அவருடைய பாயாசக் கோப்பை மட்டும் தண்ணீருக்கு மேலே, ஒரு சொட்டுச் சிந்தாமல், கையில் நின்றது.

ஆனால் ஒரு ஆள் விழவில்லை. வதனியின் மச்சாள் மகள் ஆரணி. நாலு வயது. சண்டையெல்லாம் முடிந்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளை. துவக்கைக் கண்டால் விழவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பெரியவர்கள் ஏதோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்தபடி, என் துவக்கின் வாய்க்கு நேரே நின்றாள். இதை எழுதும்போதும் எனக்குப் பகிடி விட வராத இடம் இது ஒன்றுதான்.

வதனியும் விழவில்லை. பாய்ந்து வந்து பிள்ளையை இழுத்துத் தனக்குப் பின்னால் தள்ளினாள். பிறகு ஒரு குரல் கேட்டது. எட்டாம் வகுப்பில் கடைசி வாங்கு வரைக்கும் கேட்கிற குரல்.

"அசையாத! விரலை எடு! வானத்தப் பாத்துத் தூக்கு! இன்னும் மேல! இப்ப மெல்லத் திரும்பு. வயல் பக்கம். அப்பிடியே நில்!"

அதுவரை என்னோடு "நீங்கள்" போட்டு, நிலத்தைப் பார்த்துக் கதைத்த பெண். எனக்கு அந்த நேரத்தில் மரியாதையா முக்கியம்? தூக்கினேன், திரும்பினேன், நின்றேன்.

எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பது பற்றி எனக்குப் பின்னால் ஒரு மாநாடு தொடங்கியது. அங்கத்தவர்கள் எல்லோரும் படுத்தபடியே கலந்துகொண்டார்கள்.

"நூறு எண்ணினாக் காணும்" என்றார் மாமா.

"ஒரு சுருட்டுப் பத்தி முடியுமட்டும் நிக்கட்டும்" என்றார் வாய்க்காலுக்குள்ளிருந்து பெரியப்பா.

"சோறு ஆறுது" என்றார் மாமி.

"என்ர பிள்ளைக்குக் கை நோகும்" என்றார் அம்மா.

"நொந்தா நோகட்டும் மாமி. ஒரு நிமிஷம் முழுசா நிக்கட்டும். பிறகு அப்பா பக்கவாட்டால போய்த் திறந்து எடுப்பார். முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதேங்கோ அப்பா" என்றாள் வதனி. மாநாடு அத்தோடு கலைந்தது.

அந்த ஒரு நிமிடம் சாதாரண நிமிடம் இல்லை. துவக்கு, சீமெந்து மூட்டை அளவுக்குப் பாரமானது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. சோளனுக்குள் குரங்குகள் குடும்பம் குடும்பமாக வந்து என்னைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டன. வயலில் நடுகிற வெருளி என்றாலும் காற்றுக்குக் கொஞ்சம் ஆடும். எனக்கு அதற்கும் அனுமதியில்லை.

தோட்டா வெடிக்கவில்லை. மாமா துவக்கை மடித்து அதை வெளியே எடுத்தார். அடியில் ஊசி குத்திய தடம் இருந்தது, மருந்து பற்றவில்லை. மாமா அதைத் துடைத்து, ஊதி, "ஒருக்கா திருப்பிப் போட்டுப் பாப்பமே, அநியாயம்" என்றார். வதனி அதை வாங்கி, தூரத்தில் ஒரு மரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

கதை இந்த இடத்தில் முடிந்திருக்கலாம். சேற்றைக் கழுவிவிட்டுச் சோறு தின்றிருக்கலாம். ஆனால் பெரியப்பா வேட்டியைப் பிழிந்துகொண்டே, "துறைமுகத்தில இப்பிடித்தான் சுடுறவையோ?" என்று கேட்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். நாள் வைக்கும் பஞ்சாங்கம் பெரியப்பாவின் கக்கத்துக்குள்ளேயே இருந்தது. அதை விரிக்கிற எண்ணம் அவருக்கு இல்லை என்பது தெரிந்தது.

"இன்னொண்டு தாங்கோ மாமா. அது தோட்டாவில பிழை" என்றேன்.

"வேண்டாம்" என்றாள் வதனி. மாமா கேட்கவில்லை. தன் மாப்பிள்ளையின் மானம் தன்னுடைய மானம் என்று நினைத்தாரோ என்னவோ, பாயில் கிடந்ததில் இன்னொன்றை எடுத்துப் போட்டார். வதனி பிள்ளைகளை எல்லாம் வாடிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். நான் விசையை இழுத்தேன்.

இந்த முறை சத்தம் வந்தது. "புஸ்."

சோடாப் போத்தல் திறந்தாற்போல. துவக்கு தோளில் உதைக்கவே இல்லை. குழல் வாயால் கொஞ்சம் புகை, போகட்டுமா வேண்டாமா என்று யோசித்து வெளியே வந்தது. முதலில் சிரித்தது பெரியப்பா. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். என் தங்கச்சி கைத்தொலைபேசியைப் பிடிக்க முடியாமல் குந்தியிருந்து சிரித்தாள். மாமி முந்தானையால் வாயைப் பொத்தினார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவமானப்பட்டவன் கையில் துவக்கு இருக்கக் கூடாது. என் கையில் இருந்தது. பாய்க்கு ஓடினேன், மூன்றாவது தோட்டாவை நானே எடுத்தேன், மாமா செய்ததைப் பார்த்திருந்தபடியால் துவக்கை மடித்து, பழைய கோதைத் தட்டிவிட்டுப் புதியதைச் செருகி மூடினேன். இந்த முறை அந்தத் தாட்டானைப் பார்த்தே வைப்பதாக முடிவு.

என் தோளுக்கு வந்த துவக்கைப் பக்கத்திலிருந்து ஒரு கை பிடித்து மேலே தள்ளியது.

"விடுங்கோ" என்றாள் வதனி. கத்தவில்லை. மெல்லத்தான் சொன்னாள். முகம் வெளிறிப்போயிருந்தது. "தயவுசெய்து விடுங்கோ."

விட்டேன். அவள் துவக்கை மடித்துத் தோட்டாவை வெளியே எடுத்தாள். உள்ளே ஒன்றும் இல்லை என்று விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு குழலைத் தூக்கி, அடிப்பக்கத்தால், தோட்டா போடுகிற பக்கத்தால் வானத்தைப் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள்.

"நீங்களும் பாருங்கோ."

பார்த்தேன். பட்டப்பகல், முகில் இல்லாத வானம். குழலுக்குள் இருட்டாக இருந்தது. இரண்டாவது தோட்டாவின் மருந்து ஈரத்தால் பாதிதான் பற்றி, அதன் அடைப்பும் ஈயக் குண்டுகளும் வழியில் இறுகிப்போய்க் கிடந்தன.

"இதுக்குப் பின்னால மற்றதை வெடிக்க வைச்சிருந்தா அதுக்குப் போக வழியில்லை. குழல் வெடிக்கும். உங்கட முகத்துக்குப் பக்கத்தில" என்றாள். "சத்தம் குறைஞ்சா உடனே நிப்பாட்டவேணும். சிரிக்கக் கூடாது. ஒருத்தரும் சிரிக்கக் கூடாது."

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் வரம்பில் குந்திவிட்டேன். பயத்தில் அழுகை வந்தது, மறைக்கவில்லை. அம்மா வந்து சேற்றுக் கையால் என் தலையைத் தடவினார். புதுச் சேட்டின் கதை அத்தோடு முடிந்தது.

பெரியப்பா பஞ்சாங்கத்தை மடியில் செருகினார். "இந்தச் சம்பந்தம் சரிவராது" என்று மாமாவிடம் சொன்னார். மாமா பாயில் கிடந்த தோட்டாக்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். வதனி எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மெய் சொல்லுங்கோ. இதுக்கு முதல் துவக்குத் தொட்டிருக்கிறீங்களா?"

"இல்லை. தும்புத்தடிதான்."

"பிறகேன் தெரியும் எண்டு சொன்னனீங்கள்?"

"உங்களைக் கட்டவேணும் எண்டுதான்."

அவள் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்து, "பெரியப்பா, நாளைப் பாருங்கோ" என்றாள். "நில் எண்டா நிக்கிறார். விடு எண்டா விடுறார். இந்த வீட்டில அப்பிடி ஒரு ஆம்பிளையை நான் இதுவரைக்கும் காணேல்ல."

மாமி குசினிக்குள்ளிருந்து, "நானும்தான்" என்றார். பெரியப்பா ஈரப் பஞ்சாங்கத்தின் பக்கங்களைப் பிரித்து நாளைப் பார்த்தார்.

மிச்சத் தோட்டாக்களை மாமா அடுத்த நாளே பொலிசில் ஒப்படைத்தார். பிள்ளையைப் பள்ளிக்கூட விடுதியில் விட்டுவிட்டு வருகிறவர் முகத்தோடு வீடு திரும்பினாராம். குழலில் இறுகியதை எடுக்க, அந்த வேலை தெரிந்தவரிடம் துவக்கு போனது. "வெடிக்காட்டி அடுத்ததைப் போடுற ஆக்களாலதான் எனக்குச் சாப்பாடு" என்று அவர் சொன்னாராம். மாமாவுக்குக் கண் முற்றாக மங்கியபோது, துவக்குக்கு மனுப்போட்டது வதனி. கிடைத்தும்விட்டது. அவளுடைய பெயரில், அவளுடைய படத்தோடு. தோட்டாக்கள் இப்போது இறுக மூடிய பெட்டியில், பூட்டிய இரும்பு அலுமாரியில் இருக்கின்றன, துவக்கு வேறிடத்தில். இரண்டு திறப்பும் அவளிடம். எனக்கு ஒதுக்கப்பட்ட துறை மிளகாய்.

தங்கச்சி எடுத்த வீடியோ குடும்பக் குழுவில் வருடத்துக்கு ஒருமுறையாவது சுற்றி வரும். அதில் என் முகம் வடிவாக விழவில்லை. ஒரு "டிக்", பிறகு வானம், பிறகு சேறு, பிறகு எல்லோருடைய சத்தமும். சோறு ஆறுவது பற்றி மாமி சொன்னது மட்டும் மிகத் தெளிவாகக் கேட்கும்.

ஆனால் அதை விடப் பெரிய தண்டனை வீட்டுக்குள் இருக்கிறது. எனக்குக் கோபம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். காலையில் கேட்ட சொல்லுக்குப் பின்னேரம்தான் கத்துவேன். இடையில் முகம் சிவந்து, பேச்சில்லாமல், மூச்சை இழுத்துக்கொண்டு நிற்பேன். அப்படி நிற்பதைக் கண்டால் போதும், வதனி குசினிக்குள்ளிருந்தே மகளைக் கூப்பிடுவாள்.

"பிள்ளை, அப்பா டிக் எண்டுட்டார். முன்னுக்கு நிக்காத."

மகள் ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்து, பக்குவமாக, மெல்ல, என்னை யன்னல் பக்கம் திருப்பிவிடுவாள். ஒரு நிமிடம் முழுதாக நிற்கவேண்டும். நிற்கிறேன். வெளியே மதிலுக்கு அங்கால் உடுப்புக் காயவிடுகிற பக்கத்து வீட்டக்கா என்னைக் கண்டதும் கையிலிருந்ததை அப்படியே கொடியில் போட்டுவிட்டுக் குனிந்துகொள்வார்.